ரோபோவின் கை நீளம்

புதுக்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு தொழிற்சாலையில் ரோபோவுக்குப் புரோகிராம் எழுதுவது என் வேலை. ரோபோவுக்குக் கண் கிடையாது. அதன் கையில் மாட்டியிருக்கும் கருவி எவ்வளவு நீளம் என்பதை, நாம் கொடுக்கும் நம்பரை வைத்துத்தான் அது தெரிந்துகொள்ளும். குட்டைக் கருவிக்கு ஒன்று, நீளமானதற்கு இரண்டு. நீளமானதை மாட்டிவிட்டு நம்பரை மாற்ற மறந்தால், தன் கை இன்னும் குட்டைதான் என்று நம்பி இறங்கி, மேசையில் குத்திவிடும்.

அன்று கறம்பக்குடியிலிருந்து வரும் ஆபரேட்டர் அக்கா அதைத்தான் மறந்திருந்தார். நல்லவேளை, ஓடவிடும் முன் பார்த்துவிட்டேன்.

“மொதல்ல கைய மேல தூக்கி நிறுத்துங்க. நம்பர மாத்துங்க. பெறகு மெதுவா எறக்கிப் பாருங்க. எத்தன தடவக்கா சொல்றது?” என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் ஷெட் முழுக்கக் கேட்கும். அக்கா அப்படியே செய்தார்.

“ம், இப்ப ஓட்டலாம்,” என்றேன்.

டீ நேரத்தில் இருவரும் எதிரே இருந்த கடைக்குப் போனோம். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தார். நான் என் ஹெல்மெட்டோடே நுழைந்தேன். தினமும் என் தலை தப்பித்துப் போகும் தகரக் கூரையில் ‘டங்’கென்று இடித்தது.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். “என்ன மேடம், நம்பர மாத்தாம வந்துட்டீங்களா?”

நான் ஓரடி பின்வாங்கி நின்றேன். தலையைக் குனிந்து, மெதுவாக உள்ளே போனேன்.

“ம், இப்ப ஓட்டலாம்,” என்றார் அக்கா.