ஏர்த் வயரும் தையல் கத்திரியும்

என் மனைவி கரண்ட் அடித்துச் செத்தாள். எங்கள் தெருவுக்கே அது தெரியும். பழைய வீடு, மழைக்காலம், சுவரெல்லாம் ஈரம், யார் என்ன செய்ய முடியும் என்று செத்த வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். என் மகளிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

கண்டியில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வேலை முடிந்த கையோடு பாட்டுக் கேட்க ஒரு பழைய பவர் அம்ப், ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கிற பெட்டி, வாங்கினேன். தூக்க முடியாத பாரம், முழுக்க இரும்புப் பெட்டி. பாட்டை வாங்கி, சத்தத்தைக் கூட்டிக் குறைத்து அனுப்புகிற ப்ரீ-அம்ப் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. இரண்டையும் இணைக்க அம்ப்பின் பின்பக்கம் இரண்டு வழி. ஒன்று ஆர்.சி.ஏ., டிவிக்குப் பின்னால் செருகுகிற சிவப்பு வெள்ளை முனை. மற்றது எக்ஸ்.எல்.ஆர்., கோயில் மைக்கின் அடியில் இருக்கிற தடித்த மூன்று முள் முனை. வீட்டில் ஆர்.சி.ஏ. வயர் சும்மா கிடந்தது. அதையே போட்டேன்.

போட்ட நேரத்திலிருந்து ஸ்பீக்கர் இரைந்தது. பாட்டு நின்றாலும் அது நிற்காது. ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த என் மச்சான், மனைவியின் தம்பி, காதைக் கொடுத்துக் கேட்டான்.

"தோட்டத்துலதான் குளவி கொட்டுதுன்னு இங்க வந்தா, இங்கயும் பெட்டிக்குள்ள கூடு கட்டி வச்சிருக்கீங்களே மச்சான்."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் டவுனில் ரேடியோ சாமான் கடைக்காரரைப் போய்ப் பிடித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு பெட்டிக்கும் ஏர்த் இருக்கு. ஆர்.சி.ஏ. போட்டா ஏர்த் அந்த வயர் வழியாவும் சுத்துது, அதான் இரையுது. எக்ஸ்.எல்.ஆர். போடுங்க, சரியாயிடும். வயர் கொழும்புல இருந்து வரணும். பத்து நாள் பொறுங்க."

பத்து நாள். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை. எங்கள் பக்கம் ஏர்த் என்றாலே ஒரு தொந்தரவு. இரண்டு முள் ப்ளக் சுவரில் போகாவிட்டால், மேலே இருக்கிற ஏர்த் ஓட்டையில் பேனாவைக் குத்தித் திறந்து செருகிவிடுவோம். இடி இடித்தால் விழுகிறதென்று தெருவில் பாதி வீட்டில், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்சைத் தாண்டி நேரே வயர் கொடுத்திருந்தார்கள். நானும் கொடுத்திருந்தேன். ஏர்த்தால்தானே இரைகிறது, வெட்டிவிட்டால் என்ன என்று அம்ப்பின் ப்ளக்கைக் கழற்றினேன். கைக்கு அகப்பட்டது அவளுடைய தையல் கத்திரி.

"ஐயோ, அது துணி வெட்டுற கத்திரிங்க. மொட்டையாப் போயிடும்" என்று ஓடி வந்தாள்.

"உன் கத்திரிய யாரும் திங்கல, போ" என்று எரிந்து விழுந்தேன். பச்சை மஞ்சள் ஏர்த் வயரை நறுக்கி, டேப் சுற்றி, ப்ளக்கை மூடினேன். இரைச்சல் நின்றது. உடனே மச்சானுக்கு போன் எடுத்து, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்து, குளவி இருக்கா பார் என்றேன். "ஒண்ணுமே கேக்கல மச்சான்" என்றான். அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம்.

எக்ஸ்.எல்.ஆர். வந்ததும் ஏர்த்தைத் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். சத்தியமாக நினைத்திருந்தேன். வயர் வந்தது ஒரு மழை மத்தியானம். முதலில் இதைச் செருகிப் பார்ப்போம், ப்ளக்கைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். சுவிட்சையும் அணைக்கவில்லை. சத்தத்தை மட்டும் குறைத்தேன். அவள் கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்தாள். இந்தப் பெட்டியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி, பின்பக்கம் தெரியவில்லை என்று கூப்பிட்டேன்.

"கை ஈரமா இருக்குங்க. தொடச்சிட்டு வர்றேன்."

"ஒரு நிமிஷ வேலைக்குத் தொடச்சிக்கிட்டு நிப்பியா? வா."

வந்தாள். வெறுங்காலோடு சிமெந்துத் தரையில் நின்று இரண்டு கையாலும் பிடித்தாள். நான் குனிந்து சிவப்பு முனையைப் பிடுங்கினேன். பிறகு வெள்ளை முனையைப் பிடுங்கினேன். பெட்டி நடுங்கியது. "ஆட்டாம பிடி" என்றேன், நிமிர்ந்து பார்க்காமலே. பெட்டி நடுங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் ஒரு தரம் திட்டினேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கை பெட்டியை விட்டு வரவில்லை. மெயின் சுவிட்சை நான் அணைத்ததும் விழுந்தாள். த்ரீவீலில் என் மடியில் கிடத்தித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பார்த்த டாக்டர் அவளை உள்ளேகூட எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் வந்து அம்ப்பைத் திறந்து பார்த்தார். உள்ளே ஈரத்தில் கரண்ட் கசிந்து பெட்டியின் இரும்புக்கு வந்திருக்கிறது. ஆர்.சி.ஏ. வயரின் வெளிச்சுற்றுக் கம்பி அதை ப்ரீ-அம்ப்பின் ஏர்த்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்ததாம். அதை நான் பிடுங்கியதும் கரண்டுக்கு மிச்சமிருந்த வழி அவள்தான். கடைசியாக ப்ளக்கைத் திறந்தார். டேப் சுற்றிய வயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்ப மூடினார். வெளியே இருந்தவர்களிடம், பழைய வயரிங் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லியிருந்தால் நல்லது என்று சில நாள் தோன்றும். சொல்லாமல் விட்டாரே என்று அன்று எனக்கு உயிர் வந்தது. நான் அப்படிப்பட்டவன்.

கடுகண்ணாவையில் கட்டிக்கொடுத்த என் மகள் அம்மாவின் தையல் மெஷினையும் கத்திரியையும் எடுத்துப் போனாள். இப்போது அவளும் சட்டை தைத்துக் கொடுக்கிறாள். போன மாதம் வந்தபோது கத்திரியைக் கொண்டுவந்து வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள்.

"இந்த எடத்துல ஒரு பல்லு போயிருக்குப்பா, துணி மாட்டுது. எங்களக் காகிதம்கூட வெட்ட விடமாட்டாங்க. அம்மாவே எதையோ வெட்டியிருக்காங்க போல."

"இருக்கும்" என்றேன்.