குறுக்குக் கோடு போட்ட இரண்டு ரிவால்வர்கள்

டெல்பா கோவலிக் ஒரு ரிவால்வரைக் கையில் வாங்கிப் பார்த்து "ஒட்டுப்போட்டது" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஓஹையோவின் வடகிழக்கு மூலையில், குறிபார்த்துச் சுடும் பந்தயத்துக்கான பழைய ரிவால்வர் சேர்க்கிறவர்கள் மத்தியில் முப்பது வருஷமாக இதுதான் நடைமுறை. ஒட்டுப்போட்டது என்றால் ஒன்றின் உடம்பில் இன்னொன்றின் குழலை மாட்டி ஒப்பேற்றியது. அப்படிப்பட்டதை அபூர்வம் என்று நம்பித் தூக்கிக்கொண்டு வருகிறவரின் முகம் தொங்கிப்போகும். தொங்கட்டும், பொய்யைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவதைவிட அது தேவலை என்பாள் டெல்பா.

அவளுக்குத் தொழில் பல்செட் கட்டுவது. பத்தொன்பது வயதில் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தவள் நாற்பது வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தாள். மேல்வரிசையும் கீழ்வரிசையும் மயிரிழை தப்பினாலும் அவள் விரல் காட்டிக்கொடுத்துவிடும். 1958இல், யாரோ வீடு காலி பண்ணும்போது முற்றத்தில் பரப்பி வைத்திருந்த சாமான்களில் இரண்டு ஆல்ட்ரிச் ரிவால்வர்கள் கிடந்தன. ரெண்டும் ஒன்றுதானே, ஒன்றை எடு போதும் என்றான் புருஷன் ஸ்டான். ஒன்றில்லை என்றாள் டெல்பா. குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கிற குறிமுள் ஒன்றில் சதுரம், இன்னொன்றில் வெள்ளை மணி. ஸ்டானை மடக்குவதற்காக இரண்டையும் வாங்கினாள். அன்று பிடித்த பைத்தியம் அப்புறம் தெளியவே இல்லை.

ஆல்ட்ரிச் கம்பெனி எப்போதோ மூடிப்போனது, அதன் காகிதங்களெல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. எந்த நம்பர் எந்த வருஷம், எதற்கு எந்தக் குறிமுள் என்று கேட்க ஆளில்லை. ஆகவே டெல்பா தானே ஒரு நோட்டுப் போட்டாள். பார்த்த ஒவ்வொரு ரிவால்வரின் நம்பரையும் அங்க அடையாளங்களையும் அதில் எழுதினாள். ரிவால்வரின் உடம்பான சட்டத்துக்கு அடியில் பார்க்கப் பல்மருத்துவர் பிடிக்கிற குட்டிக் கண்ணாடியைப் பயன்படுத்தினாள். திருகாணியின் வாய் சிதையாதபடி தன் கையாலேயே ராவிய திருப்புளிகள் வைத்திருந்தாள். சிதைந்த திருகாணியைப் பார்த்தால் அவளுக்கு ரத்தம் கொதிக்கும்.

வருஷாவருஷம் பிப்ரவரியில், பொருட்காட்சித் திடலின் மாட்டுக் கொட்டகையில் கண்காட்சி நடக்கும். எவ்வளவு கழுவினாலும் வைக்கோல் வாசனை போகாத இடம். பச்சை விரிப்பின் மேல் டெல்பாவின் முப்பத்தொரு ஆல்ட்ரிச்சும் அணிவகுத்திருக்க, பின்னால் ஒரு பலகை: "அறியப்பட்ட எல்லா வகைகளும்". அந்த 'எல்லா' என்ற சொல்லின் மீது அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. முதல் பரிசின் நீல நாடா பதினோரு வருஷமாக வேறு மேசைக்குப் போனதில்லை.

பக்கத்து மேசை எமரி சாபோவுடையது. ரயில்வேயில் பிரேக் பார்த்து ஓய்வு பெற்றவர். ஜாம் பாட்டில்களில் திருகாணி, சுருள்வில், பழைய கைப்பிடிகள் வைத்து விற்பார். 1973இல் 6114 என்ற நம்பர் போட்ட ஆல்ட்ரிச் ஒன்றை டெல்பாவிடம் அவர் கொண்டுவந்து காட்டியதிலிருந்துதான் இருவருக்கும் பழக்கம். வெயிலில் கண் கூசாமலிருக்க ஆல்ட்ரிச்சின் முதுகில் நெடுக்குக் கோடுகள் கீறியிருப்பார்கள். சட்டத்திலும் நெடுக்கு, குழலிலும் நெடுக்கு. இதிலோ சட்டத்தில் நெடுக்கு, குழலில் குறுக்கு. அசல் கைப்பிடி போய் யாரோ செதுக்கிய வால்நட் கைப்பிடி வேறு. டெல்பா இரண்டு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஒட்டுப்போட்டதற்கு என்ன மரியாதை வேண்டியிருக்கிறது, தேய்த்துப் புதுசாக மெருகு போட்டு ஆசைதீரச் சுடு என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

எமரி அப்படியே செய்தார். துருக்குழிகளை ராவி, நீல மெருகு போட்டு, வியாழக்கிழமைதோறும் துப்பாக்கி கிளப்பில் அதை வைத்தே சுட்டார். டெல்பா அதற்கு 'உன் கழுதை' என்று பெயர் வைத்தாள். கழுதை சவுக்கியமா, கழுதைக்குப் புல் போட்டாயா என்று வருஷமெல்லாம் கிண்டல். அவரும் சிரித்துக்கொள்வார்.

1994இல் கண்காட்சியன்று வெளியே முழங்கால் அளவு பனி. மதியம் ரோசெல் பிங்கம் என்ற பெண் கேக் டப்பா ஒன்றை அணைத்துக்கொண்டு டெல்பாவின் மேசைக்கு வந்தாள். உள்ளே பாத்திரம் துடைக்கும் துண்டில் சுற்றிய ரிவால்வர், செத்துப்போன மாமனாருடையது. கொழுந்தன் அதற்கு நிக்கல் பூசித் தன் சாராயக்கடைச் சுவரில் மாட்டுவதாக இருக்கிறானாம். வெளியே வண்டியை ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்கிறானாம். மாமனார் உயிரோடிருந்தவரை அதை யாரையும் தொடவிட்டதில்லை என்பதால் ரோசெலுக்கு மனசு ஒப்பவில்லை.

"இது வெறும் சாமான்தான்னா அவன்கிட்ட குடுத்துட்டுப் போறேன் மேடம். இல்ல, ஒரு மதிப்பு உண்டுன்னா நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா அவன் கேக்கமாட்டான்."

டெல்பா முதலில் உருளையைத் திறந்து குண்டு இல்லை என்று பார்த்தாள். பிறகு முதுகைப் பார்த்தாள். சட்டத்தில் நெடுக்கு, குழலில் குறுக்கு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் கழுதைக்குக் கூடப்பிறந்தது ஒன்று வந்திருக்கிறது பார் என்று சொல்ல எமரி பக்கம் திரும்பினாள். அவரோ யாருக்கோ சுருள்வில் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். திருகாணியைக் கழற்றிக் கைப்பிடிக்கு உள்ளே பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதில்லை என்பது அவள் வழக்கம். இதன் கைப்பிடி அசல் மாதிரி இருந்தது. கழற்றினாள்.

மரத்தின் உள்பக்கத்தில் பென்சில் எழுத்து. அந்தக் கையெழுத்து அவளுக்கு அத்துப்படி, தன் முப்பத்தொன்றிலும் பார்த்ததுதான். ஆல்ட்ரிச் பட்டறையில் கைப்பிடி மாட்டிய எவனோ ஒருவனின் சாய்ந்த கிறுக்கல். "6115. குழல் குறுக்குக் கோடு" என்று எழுதியிருந்தான்.

டெல்பா ரிவால்வரைத் திருப்பி நம்பரைப் பார்த்தாள். சட்டத்திலும் 6115 என்றே இருந்தது. எமரியினுடையது 6114. கம்பெனியே வேண்டுமென்று இப்படிச் செய்திருக்கிறது, அடுத்தடுத்து இரண்டாவது செய்திருக்கிறது. ஆல்ட்ரிச்சிலேயே ஆக அபூர்வமானதை இருபத்தொரு வருஷத்துக்கு முன் கையில் வைத்துக்கொண்டு, தேய்த்துப்போடு என்று சொன்னவள் அவள். சேர்க்கிறவர்களுக்கு மதிப்பே அசல் மெருகில்தான்; தேய்த்தது தேய்த்ததுதான், இனி எந்தச் சாமியாலும் திருப்பித் தரமுடியாது.

கைப்பிடியைத் திரும்ப மாட்டிவிட்டால் அந்தப் பென்சில் எழுத்து யார் கண்ணிலும் படாது. "ஒட்டுப்போட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ரோசெல் நம்பிவிடுவாள், நிக்கல் ஏறிவிடும், எமரிக்கு எதுவுமே தெரியப்போவதில்லை. பலகையில் 'எல்லா' என்ற சொல் அப்படியே நிற்கும். இந்த நினைப்பு வந்ததற்காக டெல்பா பிற்பாடு வெகுநாள் வெட்கப்பட்டாள். ஆனால் வந்தது என்னவோ உண்மை.

பல்லைக் கடித்துக்கொண்டு ரோசெலிடம் முதலில் சொன்னாள்.

"இந்தாம்மா, இது அசல். இந்த மாதிரி நான் இன்னொண்ணுதான் பாத்திருக்கேன். நிக்கல், சாணைக்கல்லு, உன் கொழுந்தன், எதுவும் இதுகிட்ட வரக்கூடாது. அவனை உள்ளே வரச்சொல்லு, நான் பேசிக்கிறேன்."

கொழுந்தன் பூட்ஸில் பனியோடு உள்ளே வந்தான். டெல்பா பேசிய நாலு நிமிஷத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ரோசெல் கேக் டப்பாவை மூடவே பயந்தாள்.

அப்புறம் எமரி. சாயங்காலம் கிளப்பில் போட்டி இருந்ததால் 6114 அவருடைய கருவிப்பெட்டியிலேயே இருந்தது. எடுத்துவரச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்று நூறு கைபட்டுப் பழுப்பேறியது, மற்றது பாலிஷ் போட்ட ஷூ மாதிரி பளபளவென்று இருந்தது. பென்சில் எழுத்தைக் காட்டினாள். எமரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார்.

"அப்போ என்னோடது?"

"உன்னோடதும் அசல்தான் எமரி. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கைப்பிடி இல்லாததை வெச்சு அடிச்சுச் சொல்லியிருக்கக்கூடாது. தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

எமரி தன் ரிவால்வரை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். ஜாம் பாட்டில்களை அப்படியே போட்டுவிட்டுக் கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். டெல்பாவின் பன்றிக்கறி சாண்ட்விச் பிரிக்கப்படாமலே கிடந்தது. சினேகிதர் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கிருந்தது இந்த ஒரு ஆள்தான், அவரும் போய்விட்டார் என்று நினைத்தாள். நோட்டை எடுத்து, 6114க்கு எதிரே தன் கையால் எழுதியிருந்த 'ஒட்டுப்போட்டது' என்ற சொல்லை அடித்து, 'அசல். என் தவறு' என்று எழுதினாள்.

அரை மணி கழித்து எமரி இரண்டு தட்டில் ஆப்பிள் பைத் துண்டுகள் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை அவள் முன்னால் வைத்தார். வைத்த விதத்தில் கோபம் தெரிந்தது.

"கோவம் இருக்கு, இல்லேன்னு சொல்லமாட்டேன். இருபத்தொரு வருஷம் கழுதைன்னியே."

"சொன்னேன்."

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீ அசல்னு சொல்லியிருந்தா இது எங்கே இருந்திருக்கும்?" பச்சை விரிப்பைக் காட்டினார். "இந்த முப்பத்தொண்ணுல ஒண்ணையாச்சும் நீ சுட்டுப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"என்னுது எழுபதாயிரம் தரம் சுட்டிருக்கு. நானும் பயந்துபோய் இதைச் சாக்ஸுக்குள்ள போட்டுப் பீரோவுல பூட்டியிருப்பேன். அதனால உன்னை மன்னிச்சு விடறேன். ஆனா சும்மா இல்ல. நோட்டுல எழுதி மூடி வெச்சா எவனுக்குத் தெரியும்? பலகையில எழுது."

எழுதினாள். தடித்த மார்க்கர் வாங்கிவரச் சொல்லி, 'எல்லா' என்ற சொல்லின் குறுக்கே கோடு கிழித்து, கீழே கொட்டை எழுத்தில்: "6114 அசல். நான் தவறாகச் சொன்னேன். டெ. கோவலிக்."

செய்தி காட்டுத்தீயாய்ப் பரவியது. டெல்பாவே தப்பு என்று ஒப்புக்கொண்டாளாம் என்றதும், அவளிடம் முன்பு மூக்கறுபட்டவர்கள் எல்லாரும் மறுவிசாரணைக்குக் கிளம்பிவிட்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் வீட்டுக்கே ஓடிப் பீரோவைத் திறந்து எடுத்துவந்தார்கள். மூன்று மணிக்கு மேசைக்கு முன்னால் பத்தொன்பது பேர் வரிசையில் நின்றார்கள். டெல்பா ஆப்பிள் பையைத் தின்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, திருப்புளியைக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றாகக் கழற்றி, கண்ணாடி விட்டுப் பார்த்து, நோட்டைப் புரட்டி, நிதானமாகவே பார்த்தாள். பத்தொன்பதும் ஒட்டுப்போட்டதுதான். ஒருவர் பாக்கியில்லாமல் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினாள். கடைசி ஆள் போனதும் எமரி வயிறு குலுங்கச் சிரித்தார்.

அடுத்த பிப்ரவரியில் ரோசெல் 6115ஐக் கண்காட்சிக்கு இரவல் தந்தாள். டெல்பா அதைப் பச்சை விரிப்பின் நடுவில் வைத்து, பக்கத்தில் ஒரு ரிவால்வர் அளவுக்கு இடத்தைக் காலியாக விட்டாள். நடுவர்கள் வந்து பார்த்தார்கள். காலி இடத்துக்கு மதிப்பெண் கிடையாது, நிரப்பினால் நாடா உங்களுக்குத்தான் என்று நயமாகச் சொன்னார்கள். அதெல்லாம் முடியாது என்று டெல்பா கறாராகச் சொல்லிவிட்டாள். நீல நாடா பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக வேறு மேசைக்குப் போனது.

எமரியின் மேசையும் அன்று காலிதான், அவர் கொலம்பஸில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போயிருந்தார். விரிப்பில் விட்டிருந்த இடத்தில் டெல்பா தன் கையால் எழுதிய ஒரு சின்ன அட்டை மட்டும் இருந்தது.

"6114. அசல். வேலைக்குப் போயிருக்கிறது."