திருநீர்மலையில் என் கையால் தட்டிய இன்னொருவன்

பட்டப்பகலில், பேய்க்குப் பயந்து, திருநீர்மலைப் படிகளில் வெறுங்காலோடு தலைதெறிக்க ஓடி இறங்கியவன் நான். அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் வேறு இருந்தாள். நீங்கள் மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. உரிமம் வாங்கி, வீட்டிலேயே செட் வைத்து உலகத்தோடு பேசும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கு விருதுப் பைத்தியம் உண்டு. நான் துரத்திய விருதுக்கு நிபந்தனை இதுதான்: பேட்டரியில் ஓடும் இரண்டு வாட் செட்டோடு ஒரு மலையில் ஏறி, ஒரே பகலில் பத்து நாடுகளை மோர்ஸில், அதாவது தந்திபோல 'டிட்-டா' என்று தட்டியே பிடிக்க வேண்டும். இரண்டு வாட் என்றால் டார்ச் பல்பு சமாசாரம். அடுத்த தெரு ஜெபராஜ் சார் அந்த விருதை ஏற்கெனவே வாங்கி, கூடத்தில் ஏசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். இரண்டையும் வணங்கினால்தான் அந்த வீட்டில் காபி வரும்.

"பெரிய செட்டை வெச்சுக்கிட்டு யார் வேணா பேசலாம் சார். உங்களுக்கு எதுக்கு மலையெல்லாம்? மூட்டு வலி வேற," என்றார், என் மனைவியின் முன்னாலேயே. அடுத்த ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயில். அங்கிருந்து பம்மல் வழியாகப் பேருந்து. அன்றைக்கு எல்லாம் சேர்த்து மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. பம்மலில் தோல் பதனிடும் வாசனை இலவசம். அடிவாரத்தில் பூ விற்ற அக்காவிடம் செருப்பை விட்டேன்.

"இன்னா சார், கம்பி, பேட்டரி எல்லாம் எடுத்துகினு போற? பெருமாளுக்கு லைட் போடவா?"

"இல்லக்கா, ஜப்பான்காரன்கிட்ட பேசப் போறேன்."

"பேசு, பேசு. உச்சி வேளைல மட்டும் தனியா குந்தாத. வேற யார்னா பதில் சொல்லப் போறாங்க."

சிரித்துக்கொண்டே ஏறினேன். கோயிலைத் தாண்டி, ஆள் வராத சரிவில் ஒரு பாறை. மரத்தில் ஏரியல் கம்பியைக் கட்டி, ஹெட்போனை மாட்டி, பதினொரு மணிக்கு முதல் அழைப்பைத் தட்டினேன். தட்டி முடித்துக் காதைக் கொடுத்தால், உரிமத்தோடு எனக்கு மட்டும் தந்த பெயர் போன்ற என் அழைப்புக்குறியே திரும்பி வந்தது.

மோர்ஸ் தட்டுவதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு, குரல் மாதிரி. கடைசி எழுத்தை நான் கொஞ்சம் இழுப்பேன், பாடத் தெரியாதவர் கல்யாண வீட்டில் இழுப்பதுபோல. வந்ததிலும் அதே இழுப்பு. ஜெபராஜின் விஷமமோ என்று நினைத்தேன். ஆனால் ஞாயிறு அந்நேரம் அவர் சர்ச்சில் பாடிக்கொண்டிருப்பார்.

நான் ஓய்ந்திருக்கும்போதெல்லாம் அது கூப்பிட்டது. அவசரமில்லாமல், சலிக்காமல். விசித்திரம் என்னவென்றால், நாடுகள் கொட்டின. ரஷ்யா, தாய்லாந்து, இத்தாலி என்று வந்தவர்கள் எல்லோரும் 'உன் சிக்னல் பிரமாதம்' என்றார்கள். பயம் ஒரு பக்கம். ஜெபராஜ் வீட்டுச் சுவர் ஒரு பக்கம். சுவர்தான் ஜெயித்தது. உட்கார்ந்திருந்தேன்.

உச்சி வேளை. கோயில் நடை சாத்தியாகிவிட்டது. குரங்குகள்கூட எங்கேயோ போய்விட்டன. இலை அசையவில்லை, கம்பி மட்டும் லேசாக ஆடியது. ஒன்பது நாடுகள் ஆகிவிட்டன, இன்னும் ஒன்றே ஒன்று. என் குறியில் பாதியைத் தட்டியபோது பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டாற்போலிருந்தது. கை நின்றுவிட்டது. ஹெட்போனில் அது நிதானமாக ஆரம்பித்து, என் குறியை முழுசாகத் தட்டி, கடைசி எழுத்தை இழுத்து முடித்தது. உடனே ஒரு ஜப்பான்காரர் பதில் சொன்னார், என் முழுக் குறியையும் சொல்லி.

பாதிதானே நான் சொன்னேன்? மீதியை அவருக்கு யார் சொன்னது?

அவசர அவசரமாகப் பரிமாற்றத்தை முடித்தேன். பத்து! கம்பியை மரத்திலேயே விட்டுவிட்டு, பெட்டியை அணைத்துக்கொண்டு ஓடினேன்.

"சார், செருப்பு!" என்று அக்கா கத்தியதும், "நான்தான் சொன்னேனே" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னதும் காதில் விழுந்தன.

நீங்களும் போவதாயிருந்தால்: காலையிலேயே ஏறிவிடுங்கள், மதியம் படிகள் தோசைக்கல். தண்ணீரும் தொப்பியும் அவசியம். கோயிலில் கம்பி கட்ட அனுமதி கேளுங்கள். முடிந்தால் துணைக்கு ஓர் ஆளைக் கூட்டிப் போங்கள், பதில் சொல்வது யாரென்று இரண்டு காதுகளுக்கு மேல் கேட்கட்டும்.

அன்று மாலை, பத்து நாடுகளை வென்ற பெருமையோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"மொதல்ல ரூமுக்குப் போய் அதை நிறுத்துங்க," என்றாள் மனைவி. "காலைல தூசி தட்டினப்ப துணி எந்த பட்டன்ல பட்டுச்சோ, அப்பலேர்ந்து கீ கீன்னு கத்திக்கிட்டே கெடக்கு."

முந்தைய இரவு, மலையில் தட்டிய அதே அலைவரிசையில் வைத்து நான் அணைக்காமல் விட்ட செட். நான் தட்டிய அழைப்பைப் பதிவுசெய்து வைத்துத் திரும்பத் திரும்ப அனுப்பும் கருவி அதனோடு இணைந்திருந்தது. அந்த செட் நூறு வாட்.