வடக்குக்கு இரண்டு டயர், தெற்குக்கு இரண்டு டயர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகாத ஆம்பிளை ஒருவர்தான். செங்கல்வராயன். போகாததற்குக் காரணம் கொள்கை அல்ல, வாந்தி. படகு முதல் அலையைத் தாண்டும்போது ஒரு தடவை, வலை இறக்கும்போது இன்னொரு தடவை. அவருடைய நைனா மந்திரித்துப் பார்த்தார், இஞ்சி கொடுத்துப் பார்த்தார், வெறும் வயிற்றில் கூட்டிப்போய்ப் பார்த்தார். வெறும் வயிற்றிலிருந்தும் ஏதோ வந்தது. கடைசியில் ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிக் கொடுத்து, "கரையிலயே ஓட்டிக்கடா, இன்னா பண்றது" என்று விட்டுவிட்டார்.

அன்றிலிருந்து குப்பத்து மீனும் நண்டும் எறாவும் அந்த வண்டியில்தான் பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னைக்குப் போகின்றன. விடிகாலையில் ஐஸ் பெட்டிகளோடு போவார், சாயங்காலம் காலிப் பெட்டிகளோடு திரும்புவார். பக்கத்தில் மனைவி ஜமுனா. ஓட்டுவது அவர், விற்பது அவள், முடிவெடுப்பதும் அவள். குப்பத்துக் கூட்டத்தில் செங்கல்வராயனுக்கு உட்கார ஓர் இடம் இருக்கிறதென்றால் அது வண்டி கொடுத்த இடம்.

"வண்டி கீற வரைக்கும்தான் மாமா உனக்கு மரியாத. வண்டி போச்சுன்னா நம்ம போட்டுக்கு வந்துடு" என்பான் ஜமுனாவின் தம்பி பூபதி. அவனிடம் ஃபைபர் படகு இருந்தது. ஆள்தான் இல்லை.

செங்கல்வராயன் அந்தப் பேச்சுக்குச் சிரிக்கமாட்டார். படகு என்ற சொல்லுக்கே அவருக்கு வாயில் வாந்திக்கு முந்தைய எச்சில் ஊறும்.

வண்டிக்கு வந்த ஆபத்து டயரால் வந்தது. குப்பத்து மணலில் சிக்காமல் இருக்கட்டும் என்று அவர் நான்கு சக்கரத்துக்கும் பட்டன் டயர் போட்டிருந்தார். கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் ரகம். மணலில் தங்கம். தார் ரோட்டில் ஊளை. பாலத்தில் ஏறினால், கீழே தண்ணீரும் சேர்ந்து ஊளையிடும்.

ஏரிக்கு மேலே குப்பத்தையும் பழவேற்காட்டையும் சேர்க்கிற அந்தப் பாலத்துக்கு வடக்கே ஒரு கோஷ்டி வலை கட்டும், தெற்கே ஒரு கோஷ்டி. யார், எங்கே, என்றைக்கு என்பது பாடு. அதாவது முறை. சீட்டுக் குலுக்கிப் போட்டு வருகிற முறை. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டாலும் சீட்டை மீறிப் பேசமாட்டார்கள்.

அந்த வருஷம் இரண்டு பக்கமும் மடவை மீன் குறைந்துபோனது. படித்தவர்கள் பல காரணம் சொன்னார்கள். முகத்துவாரம் தூர்ந்துவிட்டது, தண்ணீர் சூடாகிவிட்டது, பருவமழை தப்பிவிட்டது. இவற்றில் எதையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு நிற்கவைத்து விசாரிக்க முடியாது. செங்கல்வராயனைக் கூப்பிட முடியும்.

தலைவர் சுப்பராயலு கேட்டார்: "இன்னாடா செங்கலு, துடுப்பால தட்டினாலே துள்ளி ஓடற மீனு மடவ. அதும் தலமேல நீ விமானம் ஓட்டிகினு போறியாமே?"

"டயரு சத்தம் தலைவரே."

"டயர மாத்து. மாத்தற வரைக்கும் உன் வண்டியில ஒரு பொட்டி ஏறாது."

பின்வரிசையிலிருந்து பூபதி, "போட்டு ரெடியா கீது மாமா" என்றான்.

மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் பொன்னேரியில் கண்ணப்பன் டயர் கடையில் நின்றார்கள். கண்ணப்பன் உற்சாகமான ஆள். ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து, "ஹைவே டயர்ணே. கோடு நேரா ஓடுது பாருங்க. சைலண்ட்டா போவும். ஆல் சீசன்" என்றான்.

"ஐப்பசி கார்த்திகையிலயுமா?"

"எல்லா சீசனும்ணே. வெயிலு, மழ, ஏன், வெளிநாட்ல ஐஸ் மேலயே ஓட்றான்."

"ஐஸு எனக்குப் பின்னாடி பொட்டியில கீது. ரோட்ல இல்ல."

"உருகி ரோட்ல ஊத்துதில்ல? அதுக்கும் புடிக்கும்ணே."

ஜமுனா இதற்குள் டயர்களிடம் போய்விட்டாள். நண்டு வாங்குகிறவள் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கினாள், திருப்பிப் போட்டாள், முகர்ந்தாள், விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தாள்.

"சத்தமே இல்லக்கா, பாத்தீங்களா" என்றான் கண்ணப்பன்.

"சும்மா நிக்கசொல்ல எல்லா டயரும் சைலண்ட்டுதான். எம்மாம் லோடு தாங்கும், அதச் சொல்லு."

மெத்தென்று இருந்த ஒரு டயரின் மேல் செங்கல்வராயனுக்கு ஆசை. அது கார் டயர், ஐஸ் பெட்டி ஏறினால் உட்கார்ந்துவிடும் என்று கண்ணப்பனே ஒப்புக்கொண்டான். கடைசியில் பக்கச்சுவர் கெட்டியாக, நடுவில் நேர்க்கோடும் ஓரத்தில் சின்ன வெட்டுகளும் உள்ள பிக்கப் டயரை ஜமுனா எடுத்தாள். மணலில் சிக்காதா என்று அவர் கேட்டதற்கு, "சிக்கினா உன் மச்சான் தள்ளுவான். சும்மாதானே குந்திகினு கீறான்" என்றாள். பழைய டயர்களைக் கடையில் கழித்துவிடச் சொன்னதற்கு மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டிக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டார். குப்பத்தில் யாரும் எதையும் தூக்கிப் போட்டதில்லை.

பெட்டிகள் ஏறின. புது டயரில் முதல் பயணம். பாலத்தில் வண்டி போகிறதா நிற்கிறதா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஒரு நண்டு பெட்டியைப் பிறாண்டுவது கேட்டது. ஜமுனாவின் வளையல் கேட்டது.

"இன்னாய்யா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. வண்டிக்குள்ள நீ கீறேன்னு இப்பத்தான் தெரியுது."

"இத்தினி வருசமா கத்திகினு கீறேன்" என்றாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு ஒரு அமாவாசை. மடவை வரவில்லை. வராததற்கு இந்தத் தடவை சத்தம் இல்லாததே காரணம் என்று தெற்குக் கோஷ்டி கண்டுபிடித்தது. அவர்கள் சார்பில் கூட்டத்தில் பேசியவர் சின்னப்பன். "தலைவரே, முன்னாடி வண்டி சத்தத்துக்கு வடக்கு மீனு மெரண்டு எங்க பக்கமா வரும். இப்ப எல்லாம் வடக்கிலயே ஷோக்கா தூங்கிகினு கீது. எங்களுக்கு அந்தச் சத்தம் வோணும்."

"அப்ப தெக்கு மீனும்தான் மெரண்டு எங்க பக்கம் வந்துச்சு. அதுக்கின்னா சொல்ற?" என்று எழுந்தான் பூபதி. அவன் வடக்கு.

சின்னப்பன் உட்காராமலே, சத்தம் திரும்பாவிட்டால் தெற்குப் பெட்டி ஒன்றுகூட அந்த வண்டியில் ஏறாது என்றார். சத்தம் திரும்பினால் வடக்குப் பெட்டி ஏறாது என்றான் பூபதி. மாமன் படகுக்கு வருவதற்கு இரண்டு வழியும் திறந்திருந்ததால் அவன் முகத்தில் கோபம் அதிகம் இல்லை.

சுப்பராயலு நியாயஸ்தர். கண்ணை மூடி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு பழைய டயரு, ரெண்டு புது டயரு. சரிபாதி."

"எது எந்தப் பக்கம்?" என்றார்கள் இரண்டு கோஷ்டியும்.

அதுதானே விஷயம். சத்தம் எந்தப் பக்கமோ, மீன் அதற்கு எதிர்ப்பக்கம். சீட்டுக் குலுக்கினார்கள். தெற்குக்கு விழுந்தது. ஆகவே சத்தம் போடுகிற டயர்கள் வடக்குப் பக்கம். காலையில் வண்டி மேற்கே பார்த்துப் போகும்போது வடக்கு என்பது வலது. டிரைவர் உட்காரும் பக்கம்.

கண்ணப்பன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அண்ணே, வண்டி ஒரு பக்கமா இஸ்துக்கும். பிரேக் புடிச்சா குறுக்கால திரும்பும். எந்த டயர் கம்பெனிக்காரனும் இத ஒத்துக்கமாட்டான்."

"கம்பெனிக்காரனுக்குப் பாடு கெடையாது. போடு" என்றார் செங்கல்வராயன்.

வண்டி வலதுபக்கம் இழுத்தது. அவர் ஸ்டியரிங்கை இடதுபக்கம் இழுத்துப் பிடித்தே சென்னை வரை போனார். அவர் காதில் ஊளை. ஜமுனா பக்கம் நிசப்தம். அவள் நன்றாகத் தூங்கினாள்.

சிக்கல் சாயங்காலம் தெரிந்தது. வண்டி திரும்பி வருகிறதே! கிழக்கே பார்த்து வரும்போது வலது என்பது தெற்கு. ஊளையிடும் டயர்கள் தெற்குப் பக்கம் வந்துவிட்டன. வடக்குப் படகுகளிலிருந்து விசில் பறந்தது. தெற்குக் கோஷ்டி வண்டியைப் பாலத்தடியிலேயே மறித்தது.

இது குப்பத்தில் ஒருவருக்கும் முன்னால் தோன்றவில்லை. படகுக்குக் காற்று எந்தப் பக்கம் என்பதைத் தூக்கத்திலும் சொல்கிறவர்கள். வண்டி திரும்பும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று.

மறுபடி கூட்டம். நான்கும் புது டயராகவே இருக்கட்டும் என்று செங்கல்வராயன் கெஞ்சிப் பார்த்தார். சுப்பராயலு வருத்தத்தோடு தலையாட்டினார். "சீட்டு எடுத்தாச்சுடா. எடுத்த சீட்ட எங்க தாத்தா மாத்தினதில்ல, நான் மாத்த முடியுமா? தெக்குக்குப் பாடு. சத்தம் வடக்கால இருக்கணும். காலையிலயும் வடக்கு, சாய்ந்தரமும் வடக்கு."

"வண்டி திரும்புதே தலைவரே!"

"திருப்பாதே."

"இன்னா?"

"ரிவர்ஸ்ல வா."

சின்னப்பன், "நியாயம்" என்றார். பூபதிகூட யோசித்துவிட்டு, சீட்டுப்படி அதுதான் சரி என்று ஒத்துக்கொண்டான். "முடியலன்னா சொல்லு மாமா. போட்டு கீது."

"முடியும்" என்றார் செங்கல்வராயன்.

மறுநாள் சாயங்காலம் பழவேற்காட்டுப் பக்கத்தில் வண்டியைத் திருப்பி, மூஞ்சி மேற்கே, முதுகு கிழக்கே வைத்துப் பாலத்தில் ஏற்றினார். பின்னால் நடந்துகொண்டே ஜமுனா கையாட்டினாள். "வா வா வா... ஒடி... இன்னும் ஒடி... யோவ், நேரா!" கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் பாலத்துக் கம்பிகள் ஓடின. கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் விட்டு விட்டு மின்னியது. கண்ணாடியில் பார்த்தால் வானம் பின்னோக்கிப் போனது. வலது டயர்கள் வடக்கைப் பார்த்துச் சட்டப்படி ஊளையிட்டன.

பாதிப் பாலத்தில் வண்டி நின்றது. கதவு திறந்தது. செங்கல்வராயன் இறங்கி வடக்குப் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இளம் வயதில் கடலுக்குக் கொடுத்ததை இப்போது ஏரிக்குக் கொடுத்தார்.

கீழே தண்ணீர் சலசலத்தது. மடவைகள் கூட்டமாக வந்து மொய்த்தன. தெற்குப் படகில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஜமுனா தண்ணீர் பாட்டிலோடு வந்து முதுகைத் தடவினாள். "இதுக்குப் பேசாம கடலுக்கே போயிருக்கலாம்."

செங்கல்வராயன் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். வண்டிக்குள் ஏறினார். அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

"கடல்ல பிரேக் இல்லடி" என்றார், ரிவர்ஸ் கியரைப் போட்டபடி.