தகரக் கொட்டகைக் குடிலில் ஒரு ரயில்

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரம். அங்கே கிறிஸ்துமஸ் குடில் என்றால் மாடு, இடையர், ஞானிகளோடு ஒரு பொம்மை ரயிலும் ஓட வேண்டும். கப்பல் வேலைக்குப் போனவர்கள் எந்தக் காலத்திலோ கொண்டுவந்த பழக்கம். டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்கு வீடு பரணிலிருந்து ரயில் இறங்கும். ஒருவர் தண்டவாளம் இன்னொருவருடையதோடு பொருந்தாது. அதனால் தெருமுனைக் குடிலைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகப் போடுவோம். எந்த வீட்டு இஞ்சின் பாலன் ஏசுவுக்குப் பக்கத்தில் ஓடுவது என்று பெரிய ஆட்களே முறைத்துக்கொள்வார்கள்.

டிப்ளமோ முடித்து சுங்குவார்சத்திரம் செல்போன் கம்பெனியில் சேர்ந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டேன். "இருபத்தஞ்சு ஒரு நாள்தான் ஹாலிடே. மறுநாள் லைன்ல ஆள் வேணும்" என்றார் சூப்பர்வைசர். ஒரு நாளில் ஊருக்குப் போய்வர முடியாது. ரூமில் இருந்தவர்களில் நான் மட்டும்தான் கிறிஸ்தவப் பெண். மற்றவர்களுக்கு அது தூங்கக் கிடைத்த நாள். புது சுடிதாரைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுக் காலைப் பூசைக்குக் கிளம்பினேன்.

கோவில் என்பது ஒரு தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு ஊரிலிருந்து ஃபாதர் பைக்கில் வருவார். வைக்கோலும் காகிதமும் வைத்துக் குடில் அழகாகத்தான் கட்டியிருந்தார்கள். ஆனால் ஒன்றும் அசையவில்லை. பூசை முடிந்ததும் எல்லோரும் அவரவர் ஆட்களோடு போய்விட்டார்கள். எனக்கு "ஹேப்பி கிறிஸ்துமஸ்" சொல்ல ஆள் இல்லை. அம்மாவுக்கு போன் போட்டேன். பின்னால் தெருவே கத்திக்கொண்டிருந்ததில் நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பேட்டரி ரயில் ஒன்று வாங்கினேன். இருபத்துநாலாம் தேதி ஷிப்ட் முடிந்ததும், யூனிபார்மோடு நேராகக் கோவிலுக்குப் போனேன். ஃபாதர் இல்லாத நாளில் கோவிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் குடிலுக்கு சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்து ஆள்.

"இன்னாம்மா இது? கொயந்த ஏசு பொறக்கசொல்லோ ரயிலு ஏது?"

"எங்க ஊர்ல ஓடும், ஐயா."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "சரி, வெச்சிக்கோ. பூசை நேரத்துல மட்டும் நிறுத்திடு."

வைத்தேன். இரண்டு அடி ஓடிக் கவிழ்ந்தது. நிமிர்த்தி விட்டேன், மறுபடியும் கவிழ்ந்தது. அழுகை வந்துவிடும் போலிருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"வைக்கோலு சக்கரத்துல சுத்துதுல்லா? அடியில அட்டை போடணும், பிள்ளே."

வேறொரு கம்பெனி யூனிபார்ம், நாற்பது வயதிருக்கும். நாகர்கோவில்காரர், ஒரகடத்தில் சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். லைட் பெட்டியின் அட்டையைக் கிழித்து அடியில் விரித்தார். ரயில் ஓடியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம். பிறகு அவர் செல்லில் வீட்டைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"மக்ளே, கேக்குதா? ரயிலு ஓடுது பாரு."

"கேக்குது. அப்பா, நீங்க எப்போ வருவிய?"

அவர் ஸ்பீக்கரை அணைத்து, எழுந்து வெளியே போய்ப் பேசினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவரை அந்தக் குடிலருகே பார்ப்பேன். மற்ற நாளில் பார்த்ததே இல்லை, ஷிப்ட் அப்படி. தெற்கத்தி ஆட்கள் இன்னும் சிலர் சேர்ந்தார்கள். ஆளுக்கொரு ரயில் கொண்டுவந்தார்கள். பண்டிகை முடிந்ததும் எல்லாவற்றையும் கோவிலிலேயே பெட்டியில் போட்டு வைப்போம். சின்ன வட்டம், பெரிய வட்டம் என்று தரையெல்லாம் தண்டவாளம். உபதேசியார் தன் செலவில் ஒரு ஸ்டேஷன் வாங்கி வைத்தார். "இப்போ ரயிலுக்கு நடுவுல ஏசு கீறாரு" என்று சிரித்தார்.

பிறகு கம்பெனிகளில் ஆட்களைக் குறைக்க ஆரம்பித்தார்கள். லாட்ஜுகளில் 'ரூம் காலி' போர்டு தொங்கியது. எங்கள் ரூமிலிருந்து ஒவ்வொருத்தியாகப் பெட்டியோடு பஸ் ஏறினார்கள். நான் படப்பைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை தேடிக்கொண்டேன். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் அன்று ஷேர் ஆட்டோ மாறி மாறி சுங்குவார்சத்திரம் வந்தேன். குடிலில் என் ரயில் ஒன்றுதான். மற்றவர்கள் தங்களுடையதை எடுத்துப் போயிருந்தார்கள்.

"அந்த நாகர்கோயில்காரரு வர்லியா?" என்று உபதேசியார் என்னைக் கேட்டார்.

"தெரியலையே, ஐயா."

அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. அண்ணே என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நம்பர் வாங்கவும் தோன்றவில்லை. வருவார் என்றே இருந்துவிட்டேன். பூசை முடிந்து கூட்டம் கலைகிறவரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உபதேசியார் கொட்டகையைப் பூட்டினார். "வா, நம்ம வூட்ல சாப்ட்டு போ" என்றார். மறுக்கத் தெம்பில்லை. அவர் மனைவி இலை போட்டு, சோறும் கோழிக் குழம்பும் பரிமாறினார். வெகுநாள் பழகியவர் போல எதிரே உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"ஊர்ல யார் யாரு கீறாங்கம்மா?"

அம்மா, அப்பா, சித்தப்பா, பக்கத்து வீடு, எதிர் வீடு என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா எழுந்துபோய் ரசம் கொண்டுவந்து ஊற்றினார்.