நடுவர் பார்க்காத கால்கள்

போன மாதம் என் அக்கா புருஷன் வெர்லன் டாக்கெட்டை அடக்கம் செய்தோம். மறுநாள் எங்கள் மாவட்டப் பத்திரிகை அவரைப் பற்றி நான்கு வரி போட்டது. மூன்று வரி, கார்லண்ட் ப்ரூயிட்டை மோசடியாகத் தோற்கடித்த மல்யுத்த நடுவர் அவர்தான் என்பது. மிச்சம் ஒரு வரியில் என் அக்கா பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உண்மையைச் சொல்ல விடாமல் என் வாயை அடைத்து வைத்திருந்தவர் அத்தான்தான். அவரும் இல்லை, யாருக்காக அடைத்தாரோ அந்த என் அம்மாவும் இல்லை. இனி எனக்கு என்ன பயம்?

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊரான ஹேட்லி பெண்டில், வியாழக்கிழமை என்றால் மல்யுத்தம். மாடு விற்கிற கொட்டகையைக் கழுவிவிட்டு நடுவில் மேடை போடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் மாட்டு வாசனை போகாது. அங்கே நடந்ததைச் சனிக்கிழமை காலையில் உள்ளூர் டிவியில் மறுபடி காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பாஸ்டரின் பிரசங்கத்தைப் பற்றிப் பேசியவர்களை நான் கண்டதில்லை. வியாழக்கிழமையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அத்தான் பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவார். வியாழக்கிழமை மாலை மட்டும் கோடு போட்ட சட்டை மாட்டிக்கொண்டு நடுவராகி விடுவார். நடுவரின் வேலை பார்ப்பது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, பார்க்காமல் இருப்பது. கெட்டவன் நாற்காலியைத் தூக்கும்போது ஷூ கயிறு கட்டக் குனிய வேண்டும். கண்ணைக் குத்தும்போது தன் கண்ணில் தூசி விழ வேண்டும். கொட்டகையே எழுந்து நின்று "பின்னாடி பாருடா குருட்டுப் பயலே" என்று கத்தும்போது, வேறு பக்கம் திரும்பி யாரையோ அதட்ட வேண்டும். இதை அவர் மாதிரிச் சுத்தமாகச் செய்தவர் எங்கள் வட்டாரத்தில் கிடையாது. அவருக்குக் கிடைத்த பட்டம் குருட்டு வெர்லன். தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்பது அந்தக் காலத்தில் வெளியே தெரியாது. தெரியவும் விட மாட்டார்கள். நல்லவன் ஒரு காரில் வருவான், கெட்டவன் இன்னொரு காரில். ஒரே கடையில் சாப்பிட மாட்டார்கள். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடக் கூடாது என்பது அந்தத் தொழிலின் கட்டளை.

எனக்குத் தெரிந்தது தற்செயலாக. என் பெயர் டாயில், குழாய் வேலை செய்கிறவன். ஏரிக்கரையில் ஒரு வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். அடுப்படியில் பனியனோடு இரண்டு பேர் ஒரே வாணலியில் கெளுத்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எங்கள் ஊரின் செல்லப்பிள்ளை கார்லண்ட் ப்ரூயிட். இன்னொருவன் அவனுடைய ஜென்ம விரோதி டீக்கன் ஷேட். சர்ச் ஊழியக்காரன் வேஷத்தில் கறுப்பு அங்கி போட்டு, காணிக்கைத் தட்டால் ஆட்களின் மண்டையை உடைக்கிறவன். ஊரில் பாதிப் பேர் அவன் சாக வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கன் என்னைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "தம்பி, மீன் சாப்பிடுறியா?"

"வேண்டாங்க."

"அப்ப நீ இங்க வரவே இல்ல. சரியா?"

அத்தானிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிரித்தார். "இனிமே உனக்கும் எனக்கும் ஒரே தொழில்தான்டா டாயில். பாக்கலன்னா பாக்கல."

இனி அம்மா. ஓபலின் சக்ஸ் என்றால் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். முன்வரிசை மூலை நாற்காலி அவளுடையது. அப்பா இருந்தவரை இருவரும் சேர்ந்து போவார்கள். எழுபத்து நான்காம் வருடம் ஏப்ரலில், மர அறுவை மில்லில் மரம் உருண்டு அப்பா செத்துப்போனார். அம்மா அழவில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் சோள ரொட்டி சுட்டுப் போட்டாள். நானும் அக்கா நெல்டாவும் பயந்து போனோம். அடுத்த வியாழக்கிழமை அவள் தனியாகக் கொட்டகைக்குப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். ப்ரூயிட் மேடைக்குப் போகிற வழியில் நின்று அவள் தோளைத் தட்டினான். அதிலிருந்து அவன் அவளுக்குச் சொந்தப் பிள்ளை. நான் இரண்டாம் பிள்ளை ஆகிவிட்டேன்.

ஆகஸ்டில் அந்த ஆட்டம் நடந்தது. ப்ரூயிட்டும் டீக்கனும் மோதுவது, தோற்றவன் ஊரை விட்டே போய்விடுவது என்று பந்தயம். விஷயம் இவ்வளவுதான்: ப்ரூயிட்டுக்கு ஃப்ளாரிடாவில் நல்ல வேலை கிடைத்திருந்தது. போகிற ஆளை அந்தத் தொழிலில் இப்படித்தான் வழியனுப்புவார்கள். கொட்டகைக்கு இது தெரியுமா? கூரையில்கூட ஆள் ஏறி உட்கார்ந்திருந்தது.

ப்ரூயிட் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தான். டீக்கனின் பெண்டாட்டி பாடகர் குழு அங்கியோடு மேடை விளிம்பில் ஏறி ஒப்பாரி வைத்தாள். அத்தான் அவளை இறக்கிவிடப் போனார். அந்த நேரத்தில் காணிக்கைத் தட்டு ப்ரூயிட் தலையில் இறங்கியது. டீக்கன் அவன் மேல் விழுந்தான். எதிராளியின் தோள் இரண்டும் தரையில் பட்டு நடுவர் மூன்று எண்ணினால் வெற்றி, ஆனால் மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் கால் வைத்து ஊன்றக் கூடாது. டீக்கன் இரண்டு காலையும் கயிற்றில் போட்டு ஊன்றினான். அத்தானின் மூக்குக்கும் அந்தக் காலணிக்கும் ஒரு சாண்தான் இருந்தது. அவர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

வேர்க்கடலை, பாட்டில், நாற்காலி என்று எல்லாம் பறந்தன. அம்மா தன் ஷூவைக் கழற்றி எறிந்தாள். அது மாப்பிள்ளையின் காதில் போய் விழுந்தது. ப்ரூயிட் ரத்தத்தோடு எழுந்து மெதுவாக வெளியே நடந்தான். போகிற வழியில் அம்மாவிடம் குனிந்து, "ஓபலினம்மா, தைரியமா இருங்க" என்றான். என் வண்டியில் ஏறினதும் அம்மா அழ ஆரம்பித்தாள். வீடு வந்த பிறகும் இறங்காமல் அழுதாள். ஏப்ரலில் வராத அழுகை முழுவதும் அன்றைக்கு வந்தது.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போட்டார்கள். ஒரு அப்பன் எழுந்து கேட்டான். "அவனுக்குக் கண்ணு தெரியல, இல்ல லஞ்சம் வாங்கிட்டான். இதுல எதுவா இருந்தாலும் என் புள்ளைய அவன் பஸ்ல எப்படி ஏத்துறது?"

அத்தான் வாய் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். திறக்கவில்லை. பஸ் வேலை போயிற்று. மாட்டுத் தீவன மில்லில் மூட்டை தூக்கினார். நடுவர் சட்டையையும் பிறகு மாட்டவில்லை.

அம்மா அவரை வீட்டுக்குள் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா உள்ளே வந்து சாப்பிடுவாள், அத்தான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருப்பார். அம்மா ஒரு தட்டில் கோழி வறுவல், குழம்பு, பீன்ஸ், பிஸ்கட் ரொட்டி எல்லாம் நிறையப் போட்டு என்னிடம் கொடுப்பாள். "அந்த நடுவர்கிட்ட குடு. பட்டினி போட நான் ஒண்ணும் பாவி இல்ல. ஆனா என் மேசையில கள்ளனுக்கு எடம் கெடையாது." அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "குழம்பு அருமைன்னு சொல்லு" என்பார். நான் போய்ச் சொல்வேன். அம்மா காது கேட்காத மாதிரி இருப்பாள். இது வருடக் கணக்கில் நடந்தது. மழை, பனி எதுவும் விலக்கில்லை.

காலம் மாறியது. மல்யுத்தம் நடிப்பு என்று நியூயார்க்கில் அதைப் பெரிய அளவில் நடத்துகிறவர்களே ஒப்புக்கொண்டார்கள். நான் அம்மாவிடம் மெல்லப் பேச்சை எடுத்துப் பார்த்தேன்.

"அது நியூயார்க்கானுங்க. அவனுங்க நடிகனுங்க" என்றாள். "நம்ம கொட்டகையில நடந்தது நெஜம். நான் முன்வரிசையில இருந்தேன். நீ எங்க இருந்த?"

தொண்ணூற்றொன்பதில் உள்ளூர் டிவிக்காரர்கள் அந்தப் பழைய ஆட்டத்தை மறுபடி ஒளிபரப்ப முடிவு செய்தார்கள், இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். ப்ரூயிட் செத்துப்போயிருந்தான். டீக்கன் இருக்கிற இடமே தெரியவில்லை. அதனால் அத்தானைக் கூப்பிட்டார்கள். ஆட்டத்தைக் காட்டிவிட்டு, நேரலையில் ஒரே கேள்வி: அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது? வாரம் முழுக்க விளம்பரம் செய்தார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வீட்டுக்கு ஓடினேன். "அத்தான், கர்த்தரா பாத்து குடுத்த சான்ஸ். எல்லாம் பேசி வெச்ச ஆட்டம்னு போட்டு உடைங்க. பஸ்ஸ புடுங்குனவனுங்க மூஞ்சியில கரி பூசுங்க. அம்மாவும் வேற வழியில்லாம கதவத் தெறப்பா."

அவர் தன் ஒரே கோட்டில் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ஊருக்கே தெரியும்டா இப்ப."

"அம்மாவுக்குத் தெரியாதே."

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "உங்கப்பா செத்தப்ப அவங்க அழல. அன்னிக்குத்தான் அழுதாங்க. ப்ரூயிட்டுக்காகத்தான் அழுதேன்னு அவங்களே நெனைச்சிட்டிருக்காங்க. அது எல்லாம் வேஷம், உக்காந்து பேசி வெச்சதுன்னு சொன்னா, அந்த அழுகைய எங்கடா கொண்டு போய் வெப்பாங்க?"

"அப்ப கால் தெரியலன்னு சொல்லிடுங்க. பாக்காம எண்ணிட்டேன்னு."

"மூக்குக்கு முன்னாடி இருக்கு. டேப்புல எல்லாரும் பாக்கத்தான போறாங்க? குருடன்னு நம்புறதுக்கு உங்கம்மா என்ன பச்சப் புள்ளையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன என்னதான் சொல்லப் போறீங்க?"

"தெரியலடா. அங்க போய்தான் பாக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எண்பத்து மூன்று வயதில் டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, கொட்டகைக்குப் போகிற மாதிரியே உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் ஓடியது. காணிக்கைத் தட்டு வந்தபோது, "பின்னாடி பாருடா!" என்று கத்தினாள். கால் கயிற்றில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

டிவிக்காரப் பையன் சிரித்துக்கொண்டே கேட்டான். "சொல்லுங்க சார். இனிமே ரகசியம் எதுக்கு? அந்தக் கால்களப் பாத்தீங்களா இல்லையா?"

அத்தான் கேமராவைப் பார்த்தார். கழுத்தில் டை கோணலாக இருந்தது. "பாத்தேன்" என்றார். "நல்லாவே பாத்தேன். பாத்துட்டுத்தான் எண்ணுனேன். ப்ரூயிட் ஜெயிச்சிருக்கணும். நான் செஞ்சது துரோகம். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க இப்ப முடியாது. ஊர்கிட்ட கேக்குறேன். என் மாமியார் பாத்துட்டிருப்பாங்க, அவங்ககிட்டயும் கேக்குறேன்."

பையனின் சிரிப்பு காணாமல் போனது. "இல்ல சார், அது முன்னாடியே திட்டம் போட்டு..."

"திட்டம் ஒண்ணும் இல்ல தம்பி. என் தப்பு."

எனக்கு டிவியை உடைத்தால் என்ன என்று தோன்றியது. பேரைக் காப்பாற்றிக்கொள்ளக் கிடைத்த ஒரே வாய்ப்பு. அதையும் மண்ணைப் போட்டு மூடிவிட்டாரே இந்த மனுஷன்! பக்கத்தில் அம்மா கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"டாயில், உங்கக்காளுக்கு போன் போடு. நாளைக்கு அவன உள்ள கூட்டிட்டு வரச் சொல்லு."

மறுநாள் அத்தான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மா கதவைப் பாதி திறந்து வழி மறித்து நின்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுத்தான் உள்ள விடுவேன். அந்த டீக்கன் உனக்கு என்ன குடுத்தான்?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை. என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ஒரு... பன்னித் தொடை. உப்புப் போட்டுப் புகை காட்டுனது."

"பன்னித் தொடையா!" அம்மா அக்கா பக்கம் திரும்பினாள். "நீயும் தின்னியாடி?"

அக்காவுக்கு உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா தெரியவில்லை. "தின்னேம்மா."

"வெட்கங்கெட்டதுங்க" என்று சொல்லிவிட்டு அம்மா வழிவிட்டாள்.

அப்பாவின் பழைய நாற்காலியை அத்தானே இழுத்துக்கொள்ளட்டும் என்று காட்டினாள். எல்லோரும் கை கோத்துக்கொண்டோம். அம்மாவின் வலது கை அத்தானின் கைக்குள் இருந்தது. தலை குனிந்து ஜெபித்தாள்.

"ஆண்டவரே, இந்த மேசையில ஒரு பாவி உக்காந்திருக்கான். ஊரே பாக்க அவன் பொய் சொல்லியிருக்கலாம், தப்பிச்சிருக்கலாம். அவன் பொய் சொல்லல. அதுக்கு ஒமக்கு நன்றி."

அத்தான்தான் முதலில், எங்கள் எல்லோரையும் விடச் சத்தமாக, ஆமென் என்றார்.