கீழ்வீட்டு அக்காவின் விடுப்பு

எந்தச் சந்துக்குள் எந்த வீடு இருந்தாலும் கண்டுபிடித்துப் பொட்டலம் சேர்ப்பதுதான் அந்த நிறுவனத்தின் பெருமை. அதன் கணினிகளுக்கோ ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அவருக்கு இடம் அடித்தளத்தில், சர்வர் அறையில். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அங்கே உட்கார முடியும். எல்லாருக்கும் அவர் கீழ்வீட்டு அக்கா. அவரைவிட மூத்த மேலாளரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

கணினிகள் எண்களால் அறியப்படுபவை. மனிதர்கள் அவற்றுக்குப் பெயர் வைக்கிறார்கள். இந்தப் பெயருக்கு எந்த எண் என்று கேட்கும்போதெல்லாம் பதில் சொல்லும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. ஒழுங்காக நடக்கும்வரை அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

பிறகு நிறுவனம் கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் கணினிகளுக்கு, மாறியது. ஒவ்வொரு துறையும் தன் பெயரில் ஒரு கணக்கு திறந்துகொண்டு தனிக்குடித்தனம் போனது. பாதிச் சாமான்கள் மட்டும் கீழ்வீட்டிலேயே கிடந்தன. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள வழி வேண்டுமே. அக்காவும் நான்காம் மாடியிலிருந்த கிளவுட் பொறியாளரும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கிளவுட் தனக்குத் தெரியாத பெயரைக் கீழ்வீட்டில் கேட்கும். கீழ்வீடு தனக்குத் தெரியாததைக் கிளவுடில் கேட்கும். அந்த அலுவலகத்தில் தெரியாது என்று யாரும் சொல்வதில்லை, அங்கே கேளுங்கள் என்றுதான் சொல்வார்கள். அதனால் இருவருக்கும் இதில் தவறே தெரியவில்லை. இருக்கிற பெயர்களையெல்லாம் கேட்டுச் சோதித்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. இல்லாத பெயரைக் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

ஏற்பாடு முடிந்தால்தான் விடுப்பு என்று மேலாளர் சொல்லியிருந்தார். அக்காவின் தங்கைக்கு விழித்திரையில் அறுவை சிகிச்சை. முடிந்ததும் ஒரு வாரம் குப்புறவே படுத்திருக்க வேண்டும். சொட்டு மருந்து விட, சோறு கொடுக்க ஆள் வேண்டும். அக்காவுக்கு விடுப்பு கிடைக்காமல் இரண்டு முறை தேதி தள்ளிப்போயிருந்தது. இனியும் தள்ளினால் பார்வைக்குப் பொறுப்பில்லை என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

கிளம்பும் நாளில் அக்கா மேசையைத் துடைத்த கையோடு, எடைக்குப் போட்டுவிட்ட ஓர் அச்சுப்பொறியின் பெயரையும் சர்வரிலிருந்து துடைத்தார். கிளைகளிலிருந்த கணினிகளுக்கு அந்தத் துக்கச் செய்தி போய்ச் சேரவில்லை. அவை அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தன. கிளவுட் கீழே கேட்டது. கீழ்வீடு மேலே கேட்டது. கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்து வழியை அடைத்ததில் உருப்படியான கேள்விகளுக்கும் பதில் வரவில்லை. பொட்டலங்கள் கிடங்கிலேயே நின்றுவிட்டன.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் பொறியாளர் போனில் வந்தார்.

"அக்கா, கோளாறு உங்க பக்கம். எங்களுக்குத் தெரியாததை உங்களைக் கேட்டா பதிலே வரல."

"நாங்க உங்களைத்தானே கேக்கறோம்."

பொறியாளர் திரையில் கேள்வி போகும் பாதையை விரலால் தொடர்ந்தார்; விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"அப்போ இல்லைன்னு யார்தான் சொல்றது?" என்றார் பொறியாளர்.

"அது யாரு வேலைன்னு நாம பேசவே இல்லையே. நீங்க கீழ போய் உக்காருங்க, நான் சொல்றேன். கிளவுட்ல இருக்கிற துறைப் பேருங்களை மட்டும் மேல அனுப்புங்க. மத்ததுக்குக் கீழ்வீடே பதில் சொல்லட்டும். இருந்தா இருக்கு, இல்லைன்னா இல்லை."

பொட்டலங்கள் நகர ஆரம்பித்தன. தலையணையில் முகம் புதைந்திருந்த தங்கை, "நீயே யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல, மெஷினுக்கு இல்லைன்னு சொல்லக் கத்துக்குடுக்கிற மூஞ்சியைப் பாரு. என்னால பாக்க முடியல, அதான் வருத்தம்," என்றாள்.

சற்று நேரத்தில் மேலாளர் அழைத்தார்.

"சரியாயிடுச்சாம் அக்கா. இருந்தாலும் நாளைக்கு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுங்களேன்."

"வர முடியாது சார்."

மேலாளருக்கு இது புதிய அனுபவம்.

"அப்போ... நான் யார்கிட்ட கேக்கணும்?"

"என் லீவைப் பத்தின்னா என்கிட்டதான் சார். கேட்டுட்டீங்க. வர முடியாது."

மேலாளர் அடுத்து அக்காவின் வீட்டுக்காரரைப் பிடித்தார். பொறுமையான மனிதர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கென்ன சார் தெரியும், அவகிட்டயே கேளுங்க," என்றார்.

அக்காவின் போன் மறுபடி அடித்தது. அவர் தங்கையின் முகத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, மறு கையால் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டார்.